பத்து வயது தாண்டிய காருக்கு விலை போடுவது எப்படி?

பழைய காரை விற்க நினைப்பவருக்கு முதலில் வரும் கேள்வி, "என்ன விலை போகும்?" பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தொகை சொல்வார், மெக்கானிக் ஒன்று சொல்வார், புரோக்கர் இன்னொன்று சொல்வார். மூன்றுக்கும் நடுவே எண்பதாயிரம் ரூபாய் வரை வித்தியாசம் இருக்கலாம். யாரும் ஏமாற்றுவதாக அர்த்தம் இல்லை, ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கென்று ஒரு கணக்கு இருந்தால்தான் அவர்கள் சொல்வதில் எது நியாயம் என்று தெரியும். அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி அடிமாட்டு விலைக்குப் போகக் கூடாது. அதே நேரம், நடக்காத விலையைச் சொல்லி ஆறு மாதம் வாசலில் வெயில் காயவும் கூடாது.

தமிழ்நாட்டில் பதிவான, சொந்த உபயோகத்துக்கான, பத்து வயதைத் தாண்டிய கார்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். மஞ்சள் போர்டு வண்டிக்குக் கணக்கு வேறு. விற்பவரை மனதில் வைத்து எழுதினாலும், வாங்குபவர் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வயதுக் காரின் விலையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. அதே மாதிரி வண்டி உங்கள் வட்டாரத்தில் என்ன விலைக்குக் கைமாறுகிறது, வாங்குபவர் முதல் வருடத்தில் அதற்கு எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கும், ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழ் இன்னும் எத்தனை வருடம் செல்லும். வருடத்துக்கு இத்தனை சதவீதம் கழி என்ற சூத்திரம் இங்கே வேலைக்கு ஆகாது.

முதல் வேலை: ஆர்.சி.யை முழுதாகப் படியுங்கள்

பெரும்பாலோர் ஆர்.சி.யை வண்டி எண்ணுக்காக மட்டுமே பார்த்திருப்பார்கள். இப்போது உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். தயாரிப்பு மாதம், பதிவுத் தேதி, ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும், எரிபொருள், எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் ஏறியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பரில் தயாராகி 2012 பிப்ரவரியில் பதிவான வண்டியை நீங்கள் 2012 மாடல் என்பீர்கள். வாங்குபவர் 2011 என்பார். இரண்டும் தெரிந்திருந்தால் பேச்சில் தடுமாற வேண்டியதில்லை.

கடன் கட்டி முடித்து வருடங்கள் ஆகியும், ஆர்.சி.யில் ஏறியிருக்கும் கடன் குறிப்பான ஹெச்.பி.யைக் கேன்சல் செய்யாமல் விட்டிருப்பது மிகவும் சகஜம். வங்கியில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, படிவம் 35 கொடுத்து முதலில் அதை நீக்குங்கள். அந்த ஒரு வரியைக் காட்டியே விலையை அடிப்பார்கள். அப்புறம் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு, அபராதம் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா, இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். சிக்னல் கேமராவில் விழுந்த பழைய அபராதங்கள் பலருக்குத் தெரியாமலே இருக்கும்.

ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் காலமாகிவிட்டால், வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகே விற்பனைக்குப் போக வேண்டும். அப்படி மாற்றும்போது ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடுவதைப் பார்த்து வாங்குபவர் யோசிப்பார். அது குடும்பத்துக்குள் நடந்த மாற்றம் என்று காகிதத்தோடு விளக்கிவிட்டால் பெரிய சேதம் இருக்காது.

சதவீதக் கணக்கு எங்கே உதவாது

இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. (காப்பீட்டு மதிப்பு) என்று ஒரு தொகை இருக்கும். அதையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அதைக் கணக்கிடும் தேய்மான அட்டவணை ஆறு மாதம் வரை 5 சதவீதத்தில் தொடங்கி, நான்கிலிருந்து ஐந்து வயதுக்கு 50 சதவீதத்தில் முடிகிறது. ஐந்து வயதுக்கு மேல் அட்டவணையே கிடையாது. காப்பீட்டு நிறுவனமும் நீங்களும் ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐ.டி.வி. ஆக, பன்னிரண்டு வயது வண்டியின் பாலிசியில் உள்ள எண், வண்டி முழுதாகப் போனால் கம்பெனி எவ்வளவு தரும் என்பதற்கானது. சந்தையில் யாரும் அதைப் பார்த்து விலை பேசுவதில்லை.

புது வண்டி விலை மட்டும் ஒரு வகையில் உதவும். உங்கள் காரின் இடத்தை இன்று நிரப்பும் புதுக் காரின் விலை குறைந்தால், பழைய காரின் விலையும் அழுத்தப்படும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமானது. அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து சின்ன பெட்ரோல் காருக்கு 29, டீசலுக்கு 31 சதவீதம் இருந்தது. அதனால் அந்தத் தேதிக்கு முன் கேள்விப்பட்ட விலைகளையும், எடுத்து வைத்த விளம்பர ஸ்கிரீன்ஷாட்களையும் ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் வண்டியைப் போன்ற வண்டிகளைத் தேடுங்கள்

ஓ.எல்.எக்ஸ்., கார்தேகோ, கார்வாலே, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் எல்லாவற்றிலும் தேடி, ஆறேழு வண்டிகளை ஒரு தாளில் எழுதுங்கள். "ஸ்விஃப்ட்" என்று மட்டும் தேடினால் போதாது. 2005இல் வந்த முதல் ஸ்விஃப்டும் 2011இல் வந்த இரண்டாவது தலைமுறையும் வேறு வேறு வண்டிகள். பெட்ரோலா டீசலா, எந்த வேரியன்ட், எத்தனையாவது ஓனர், ஒரு வருடம் முன்பின் என்று நெருங்கிப் பொருந்துவதை மட்டும் எடுங்கள். கீழ் வேரியன்ட்டான எல்.எக்ஸ்.ஐ.க்கும் ஏர்பேக், ஏ.பி.எஸ். உள்ள வேரியன்ட்டுக்கும் விலை ஒன்றாக இருக்காது.

வெளிமாநில எண் உள்ள வண்டிகளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். டெல்லி வட்டாரத்தில் பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் வண்டிகளை ஓட்டக் கூடாது என்று 2014, 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகு அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கித் தெற்கே வந்த டீசல் கார்கள் ஏராளம். விளம்பரத்தில் அவை மலிவாகத் தெரியும். ஆனால் வாங்குபவர் இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் கழிந்த விலைதான் விளம்பரத்தில் இருக்கிறது. உங்கள் டி.என். பதிவு வண்டியை அதோடு ஒப்பிட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. கைமாறும் விலை அதற்குக் கீழே இருக்கும். எவ்வளவு கீழே என்று தெரிய இரண்டு வழிகள். ஒன்று, பட்டியலில் உள்ள மூன்று நான்கு பேருக்குப் போன் செய்து வண்டியைப் பற்றி விசாரித்துவிட்டு, கடைசியாக என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேளுங்கள். இரண்டு மாதமாக அதே விளம்பரம் கிடக்கிறது என்றால் அந்த விலையைச் சந்தை ஏற்கவில்லை என்று பொருள், அதை அடித்துவிடுங்கள். இரண்டாவது, பழைய கார் வாங்கி விற்கும் உங்கள் ஊர் கார் கன்சல்டிங் கடைகள் இரண்டிலும், வண்டியை நேரில் பார்த்து விலை சொல்லும் ஆன்லைன் நிறுவனம் ஒன்றிலும் காட்டுங்கள். அவர்கள் சொல்வது வாங்கும் விலை. டச்சப் செலவு, விற்கும் வரை முடங்கும் பணம், லாபம் எல்லாம் கழித்துத்தான் சொல்வார்கள். அதைத் தரையாக வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாக ஒரு குடும்பத்துக்கு விற்றால் கிடைக்க வேண்டிய விலை, கன்சல்டிங் சொன்ன விலைக்கும் போனில் விசாரித்த விலைகளுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

மாடலுக்கென்று ஒரு பெயர் உண்டு

ஒரே வயது, ஒரே கிலோமீட்டர் உள்ள இரண்டு வண்டிகள் பாதிக்குப் பாதி வித்தியாசத்தில் விற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பேர் பார்ட்ஸும் சர்வீஸும்தான். செவர்லே 2017 முடிவோடு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, மறைமலை நகர் ஆலையை 2022இல் மூடியது. ஃபிகோ, ஃபியஸ்டா ஓட்டுவதற்கு எவ்வளவு நல்ல வண்டி என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும், எனக்கும் அந்த வண்டிகள் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் புதிதாக வாங்குபவர் "நாளைக்கு பார்ட்ஸ் கிடைக்குமா?" என்று கேட்கத்தான் செய்வார், விலையும் அதற்கேற்ப இறங்கும். இன்னோவாவின் கதை நேர் எதிர். கிலோமீட்டர் லட்சங்களில் ஓடியிருந்தாலும் கேட்டு வருவார்கள். ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட் போன்றவற்றை எந்தச் சிற்றூரிலும் ரிப்பேர் பார்க்க முடியும் என்பதால் அவற்றுக்குத் தரை விலை உறுதியாக இருக்கிறது.

டீசல் சின்ன கார்களின் நிலை கொஞ்சம் சிக்கலானது. மாருதி 2020 ஏப்ரலில் டீசலையே கைவிட்டது. ஸ்விஃப்ட், ரிட்ஸ், டிசையரில் இருந்த 1.3 மல்டிஜெட் இன்ஜினுக்கு இன்னும் ரசிகர்கள் உண்டு. ஆனால் டர்போவோ இன்ஜெக்டரோ போனால் செலவு பெரிது என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

அடுத்த ஓனரின் முதல் வருடச் செலவு

கணக்கின் முக்கியப் பகுதி இதுதான். உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்து, "இதை இன்று வாங்குபவர் ஒரு வருடத்துக்குள் என்னென்ன மாற்ற வேண்டும்?" என்று கேளுங்கள். விற்கப்போவதைச் சொல்லியே கேளுங்கள். அவர் சொல்வதை விலையோடு எழுதிக்கொள்ளுங்கள்.

டயரில் பட்டன் (தரையில் படும் பூப்பகுதி) மட்டும் பார்த்தால் போதாது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தும் ஆறேழு வயதான டயரை விவரம் தெரிந்தவர் மாற்ற வேண்டிய டயராகத்தான் கணக்கு வைப்பார். ஏ.சி.யில் வெறும் கேஸ் குறைவா, கம்ப்ரஸர் போய்விட்டதா என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். கிளட்ச், சஸ்பென்ஷன், பேட்டரி, ஸ்டீயரிங் ரேக் சத்தம் எல்லாம் பட்டியலில் வரட்டும். சான்ட்ரோ ஜிங் போல டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதற்கு பில் வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வாங்குபவர் எடுத்துக்கொள்வார். டீசல் வண்டியில் இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பார்ப்பார்கள். அப்படி வந்தால் இன்ஜின் உள்ளே தேய்ந்திருக்கிறது, பேக் கம்ப்ரஷன் என்பார்கள்; அது தனிக் கதை, விலை லட்சத்தில்கூடக் குறையலாம்.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. பட்டியலில் உள்ள எல்லாச் செலவையும் அப்படியே கழிக்கக் கூடாது. நீங்கள் ஒப்பிட்ட வண்டிகளும் பத்துப் பன்னிரண்டு வயது வண்டிகளே, அவற்றின் டயரும் பாதி தேய்ந்திருக்கும், சஸ்பென்ஷனும் லேசாகத் தட்டும். அந்தச் சாதாரணத் தேய்மானம் சந்தை விலைக்குள்ளேயே இருக்கிறது. அதைவிட மோசமாக உள்ளதை மட்டும் கழியுங்கள். ஓடாத ஏ.சி. என்றால் முழுச் செலவும் கழியும், பழைய டயர் என்றால் பாதி. அதே நியாயப்படி, நேற்று மாட்டிய நான்கு புது டயருக்கு முழுப் பணம் திரும்ப வராது, பாதிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அலாய் வீல், மியூசிக் சிஸ்டம், சீட் கவர் ஆகியவை வண்டியைச் சீக்கிரம் விற்க உதவும். விலையை ஏற்றாது.

2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்களை ஓட்டுபவர்கள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தங்கள் வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று இப்போது நிறையக் கேட்கிறார்கள். எரிபொருள் வழியில் உள்ள ரப்பர் குழாய்களை மாற்றியிருந்தால் அந்த பில்லையும் எடுத்து வையுங்கள்.

ரூபாயில் கழிக்க முடியாதவை

அடிபட்ட வண்டி, தண்ணீரில் மூழ்கிய வண்டி, துரு. இவற்றுக்கு ரிப்பேர் செலவைக் கழித்தால் கணக்கு தீராது. வாங்குபவரின் நம்பிக்கையே குறைந்துவிடும்.

பம்பரும் கதவும் டிங்கரிங், பெயின்டிங் ஆகியிருப்பதை இந்த வயதில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நகர டிராஃபிக்கில் ஓடிய வண்டி அப்படித்தான் இருக்கும். ஆனால் பானட்டைத் திறந்ததும் தெரியும் உள் தகடான ஏப்ரான், கதவுத் தூண்கள், சேசிஸ் ஆகியவற்றில் வெல்டிங் தெரிந்தால், அந்த வண்டி ஒப்பீட்டுப் பட்டியலிலிருந்தே வெளியே போய்விடும். அதற்குக் கன்சல்டிங் சொல்லும் விலையே ஏறத்தாழ உண்மை விலை.

சென்னை எண் உள்ள காரைப் பார்க்க வருபவர் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பற்றிக் கேட்பார். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடியில் சேற்றுக் கோடு தெரியும், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கும், கார்பெட்டுக்கு அடியில் வாசம் வரும். தண்ணீர் ஏறிய வண்டி என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள், இன்சூரன்ஸ் கிளெய்ம் காகிதத்தையும் காட்டுங்கள். மறைத்து விற்றால் ஒரு குடும்பம் மழை நாளில் நடுரோட்டில் நிற்கும். கடலோர ஊர்களில் ஓடிய வண்டியில் கதவின் அடி ஓரம், சைலன்சர், வண்டியின் அடித்தட்டு ஆகியவற்றை லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

கிலோமீட்டர் விஷயத்தில் மீட்டரை மட்டும் யாரும் நம்புவதில்லை, மீட்டரைத் திருப்புவது அவ்வளவு சகஜமாகிவிட்டது. சர்வீஸ் பில்களைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் உள்ள கிலோமீட்டர் ஏறுவதைக் காட்டுங்கள். பெயிண்ட் பளபளப்பைவிட அந்த பில் கட்டுக்கு மதிப்பு அதிகம். பன்னிரண்டு வருடத்தில் முப்பதாயிரம்தான் ஓடியது என்று பெருமைப்படுவதற்கு முன், நின்ற வண்டியில் ரப்பர், சீல், பிரேக் எல்லாம் காய்ந்து போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதினைந்து வருடக் கோடு

தனியார் காரின் ஆர்.சி. பதிவான நாளிலிருந்து 15 வருடம் செல்லும். அதன் பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். 2022 ஏப்ரலில் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. தாமதித்தால் மாதத்துக்கு 500 கூடும். கட்டணத்தைவிட, எஃப்.சி.க்காக டிங்கரிங், பெயின்டிங், விளக்கு, டயர் என்று வண்டியைத் தயார் செய்யும் செலவுதான் பெரிது.

அதனால் ஆர்.சி. முடிய நான்கு வருடம் உள்ள வண்டியும் நான்கு மாதம் உள்ள வண்டியும் ஒரே வருட மாடலாக இருந்தாலும் ஒரே விலை போகாது. நாட்கள் கொஞ்சமே இருந்து, வண்டி நல்ல நிலையில் இருந்தால், நீங்களே புதுப்பித்துவிட்டு விற்பது பல நேரம் லாபம். வண்டி சுமார் என்றால் அப்படியே விற்றுவிடுங்கள்.

இந்த வயதில் வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம். கடன் முடியும்போது காருக்கு இத்தனை வயதுக்கு மேல் ஆகக் கூடாது என்று கடன் தருபவர்கள் வரம்பு வைக்கிறார்கள். எனவே உங்கள் வண்டியை வாங்க வருபவர் பெரும்பாலும் கையில் உள்ள ரொக்கத்தோடு வருவார். மூன்று லட்சத்துக்குள் தேடுபவர் தேடுதலிலேயே மூன்று லட்சம் என்று வரம்பு போட்டுவிடுவார். 3.10 என்று போட்ட வண்டி அவர் கண்ணிலேயே படாது.

கடைசித் தரை ஒன்று உண்டு. அரசு அங்கீகரித்த வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால், அதே வண்டியின் புது ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை தரலாம் என்கிறது 2021 கொள்கை. ஓடும் நிலையில் உள்ள காருக்கு அந்த நிலை அரிது. இன்ஜின் போய், ஆர்.சி.யும் முடிந்த வண்டிக்கு அதுவே கணக்கு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மதுரையில் 2013இல் பதிவான வேகன்ஆர் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல், இரண்டாவது ஓனர், ஆர்.சி. 2028 வரை என்று வைத்துக்கொள்வோம். முறையைக் காட்டுவதற்காகப் போட்ட எண்கள் இவை, உங்கள் எண்களை நீங்கள் தேடி எடுங்கள்.

விளம்பரத்தில் பொருந்திய ஆறு வண்டிகள்: 2.60, 2.75, 2.80, 2.90, 3.10, 3.40 லட்சம். மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் அடித்துவிட்டால் மீதி நான்கின் நடு 2.85. போனில் விசாரித்ததில் ஆளுக்கு இருபதாயிரம் இறங்கத் தயார், ஆக 2.65. நம் வண்டியில் ஏ.சி. கம்ப்ரஸர் போயிருக்கிறது, 15,000 முழுதாகக் கழியும். டயர் நான்கும் பழையவை, மாற்ற 16,000 ஆகும், அதில் பாதி 8,000. மீதி 2.42 லட்சம். கன்சல்டிங்கில் இரண்டு பேர் 2.20, 2.30 என்றார்கள். அவர்கள் வண்டியை நேரில் பார்த்துச் சொன்னவர்கள் என்பதால் ஏ.சி.யும் டயரும் அதற்குள் அடங்கிவிட்டன, மறுபடி கழிக்க வேண்டாம்.

ஆக எதிர்பார்க்க வேண்டிய விலை 2.40 சுற்று வட்டாரம். விளம்பரத்தில் 2.60 போடலாம், 2.35க்குக் கீழே நேரடியாக வாங்குபவருக்கு விட வேண்டாம். ஏ.சி. ஓடவில்லை என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். நேரில் வந்து கண்டுபிடித்தவர் 15,000க்குப் பதில் 40,000 குறைத்துக் கேட்பார். மூன்று வாரத்தில் யாரும் வண்டியைப் பார்க்கவே வரவில்லை என்றால் விலை அதிகமாக இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றால் வண்டியின் நிலையை நீங்கள் கூட்டி மதிப்பிட்டிருக்கிறீர்கள்.

விலை முடிந்த பிறகு

டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால் வண்டி எண், மொத்த விலை, மீதி தர வேண்டிய தேதி மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பாமல் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். பெயர் மாறும் வரை சட்டப்படி ஓனர் நீங்கள்தான். ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய ரசீதை வைத்திருங்கள், பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் சரிபாருங்கள்.

கிளெய்ம் செய்யாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போகாது. அது 50 சதவீதம் வரை இருக்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றுக் கடிதம் கேட்டு வாங்கி வைத்தால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காரின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம்.